விபத்தின் பின் நம் கடமை



வீதி விபத்துக்களைத் தடுக்கும் வழிகளைப் பற்றி நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். மெதுவாகச் செலுத்துங்கள், தலைக்கவசம் அணியுங்கள், மது அருந்திய பின் வாகனத்தைத் தொடாதீர்கள் என்னும் அறிவுரைகள் யாவும் பொன்னே போற் போற்றத்தக்கவை. ஆயினும், இத்தனை அறிவுரைகளுக்குப் பின்னரும் விபத்துக்கள் நிகழ்ந்துகொண்டே இருக்கின்றன. அவ்வாறு ஒன்று நிகழ்ந்துவிட்டால், அவ்விடத்தில் நிற்கின்ற நாம் யாது செய்தல் வேண்டும்? இதனைக் குறித்தே இன்று உங்களோடு உரையாட விழைகின்றேன்.

விபத்து கண்ணிமைப் பொழுதில் முடிந்துவிடுகின்றது. அதனை மாற்ற எவராலும் இயலாது. ஆனால் அதற்குப் பின்வரும் சில நிமிடங்களில் ஓர் உயிர் பிழைக்கலாம். அல்லது பிழைக்க வேண்டிய உயிர் போய்விடலாம். ஓர் அப்பாவி காப்பாற்றப்படலாம். அல்லது ஓர் ஏழைக் குடும்பம் தனக்குரிய நீதியை என்றென்றைக்கும் இழந்துவிடலாம். இவை நம் செயலைப் பொறுத்தவை. ஆகவே அவற்றை முன்கூட்டியே சிந்தித்து வைத்தல் அறிவுடைமையாகும்.

நான் கூறுவன எல்லா ஊர்களுக்கும் பொருந்துமெனினும், எனக்கு நன்கு அறிமுகமான அம்பாறைக் கரையோரத்தை மனத்திற் கொண்டே பேசுகின்றேன். ஒலுவில் துறைமுகம் 2013ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் முதலாந் திகதி திறந்து வைக்கப்பட்டது. அத்துறைமுகத்துக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் செல்வோர், கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய வழியாக மட்டக்களப்பு வரை நீண்டு கிடக்கும் ஏ-4 நெடுஞ்சாலை வழியாகவே வருகின்றனர். அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை என்று ஊரோடு ஊரைத் தொடுத்துச் செல்கின்றது அச்சாலை. இவ்வூர்களுக்கு அது வெறும் நெடுஞ்சாலையன்று. கடைத்தெருவும் அதுவே, பாடசாலைக்குப் போகும் பாதையும் அதுவே, பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் செல்லும் வழியும் அதுவே. அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகளை ஏற்றிய உழவு இயந்திரங்களும், விடியற்காலையில் மீன் ஏற்றிய வண்டிகளும், நாள் முழுவதும் முச்சக்கர வண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் பஸ் வண்டிகளும் அதில் விரைகின்றன. இரவானதும் தாரின் வெப்பத்தை நாடி மாடுகள் நடுவீதியிற் படுத்து அசைபோடுகின்றன. விபத்துக்கு இவற்றைவிட வேறு என்ன வேண்டும்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 11 இலட்சத்து 90 ஆயிரம் மக்கள் வீதி விபத்துக்களால் மாண்டனர். 5 வயது முதல் 29 வயது வரையுள்ளோரின் மரணத்துக்கு முதற் காரணம் வீதி விபத்தே என்று அந்நிறுவனம் கூறுகின்றது. நம் இலங்கைத் தீவில் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்ட உயிர்கள் இவ்வாறு போகின்றன. இவ்வெண்களுக்குப் பின்னால் நம் மாணவர்களும், நம் அயலவர்களும், நம் உற்றாரும் இருக்கின்றனர் என்பதை மறத்தலாகாது.

இனி, கடமைகளை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது கடமை ஒரே சொல்லில் அடங்கும்: நில்லுங்கள். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இதனைத் தெளிவாகவே விதித்திருக்கின்றது. விபத்தில் தொடர்புற்ற வாகனத்தின் சாரதி உடனே வாகனத்தை நிறுத்த வேண்டும். காயமுற்றவருக்கு உதவ வேண்டும். தன் பெயர், முகவரி முதலிய விபரங்களைக் கொடுக்க வேண்டும். பொலிசாருக்கு அறிவிக்க வேண்டும். குற்றம் யாருடையது என்பது பின்னர் ஆராயப்படும் விடயம். நிற்பது எல்லாருக்கும் பொது.

இவ்விடத்தில் நம் நாட்டுப் பழைய வரலாறு ஒன்றை நினைவூட்ட விரும்புகின்றேன். அநுராதபுரத்தில் அரசு வீற்றிருந்த தமிழ் மன்னன் எல்லாளனைப் பற்றி மகாவம்சம் கூறும் கதைகளுள் ஒன்றை நாமெல்லாரும் அறிவோம். அரச குமாரனின் தேர்ச் சக்கரத்தில் அகப்பட்டுக் கன்று மாண்டது; தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது; மன்னன் தன் மைந்தனுக்கே தண்டனை விதித்தான். தமிழகத்தில் மனுநீதிச் சோழன் பேரால் வழங்குவதும் இத்தகைய கதையே. ஆனால் அதே மகாவம்சத்தில் எல்லாளனைப் பற்றி மற்றொரு நிகழ்ச்சியும் இருக்கின்றது. அதனை அறிந்தோர் சிலரே. பிக்குமாரை அழைக்கும் பொருட்டுச் சேதிய மலைக்கு மன்னன் தேரிற் சென்றபோது, தேரின் நுகத்தடி அங்கிருந்த தூபியில் இடித்துவிட்டது. அவன் அறியாமல் நிகழ்ந்தது அது. அமைச்சர் எடுத்துக் கூறியதும் மன்னன் தேரை விட்டுக் குதித்து, வீதியிற் கிடந்து, தன் தலையையும் சக்கரத்தால் அறுத்துவிடுமாறு வேண்டினானாம். அது தகாது, தூபியைத் திருத்திக் கொடுப்பதே தக்கது என்று அவர்கள் தேற்றினர். பெயர்ந்து விழுந்த கற்கள் பதினைந்து. அவற்றை மீண்டும் பதிப்பதற்கு அவன் 15,000 காசு செலவிட்டான் என்கின்றது அந்நூல்.

நேயர்களே, இதனை ஒரு வாகன விபத்தின் கதையாகவே பாருங்கள். செலுத்தியவன் தப்பியோடவில்லை, நான் வேண்டுமென்று செய்தேனா என்று வாதாடவுமில்லை. முதலில் நின்றான், இறங்கினான், நடந்ததை ஏற்றுக்கொண்டான், சேதத்தை ஈடு செய்தான். சூழ்ந்து நின்றோரும் அவன்மீது பாயவில்லை; செய்யத்தக்கது எதுவெனக் காட்டினர். நாட்டை ஆண்ட வேந்தன் தேரை விட்டு இறங்கினான் எனின், நமக்கு வண்டியை நிறுத்துவதில் என்ன தாழ்வு?

ஆனால் சாரதிமார் ஏன் ஓடுகின்றனர் என்பதையும் நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்களுள் பெரும்பாலோர் கொடியவரல்லர். கூட்டத்துக்கு அஞ்சியே ஓடுகின்றனர். விபத்து நடந்த சில நிமிடங்களுக்குள் நூறு பேர் கூடி, விசாரணையின்றித் தீர்ப்பளித்து, அடியும் உதையும் கொடுத்து, வாகனத்துக்கும் தீ வைப்பார்களாயின், நின்று உதவ நினைக்கும் நல்ல சாரதியும் அடுத்த முறை ஓடவே செய்வான். அவ்வாறு அவன் ஓடும்போது வீதியிற் கிடப்பவர் நம் பிள்ளையாகவும் இருக்கக்கூடும். ஆகையால், சாரதிமீது கை வைப்பவர் உண்மையிலே காயமுற்றவருக்கே கேடு செய்கின்றனர். கூட்டத்தில் மூத்தவர் ஒருவராவது முன்வந்து, “தம்பிமாரே, முதலில் இந்த உயிரைப் பார்ப்போம்” என்று சொல்வாராயின், அந்த ஒரு சொல் பெரும் அனர்த்தத்தைத் தடுக்கும். தன் உயிருக்கு உண்மையாகவே ஆபத்தென்று காணும் சாரதி, நேரே அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்குச் சென்று நடந்ததை அறிவிக்க வேண்டும். வீட்டுக்கோ உறவினர் ஊருக்கோ போய் ஒளிதல் ஒருபோதும் ஆகாது.

இரண்டாவது கடமை, விபத்து இரண்டாகாமற் காத்தல். வாகனத்தின் இயந்திரத்தை நிறுத்தி, எச்சரிக்கை விளக்குகளை எரியவிடுங்கள். எரிபொருள் ஒழுகுமிடத்தில் எவரும் சுருட்டோ சிகரெட்டோ பற்ற வைத்தல் கூடாது. இரு புறத்திலும் தொலைவில் ஆட்களை நிறுத்தி, வரும் வாகனங்களுக்குச் சைகை காட்டச் செய்யுங்கள். இரவாயின் கைவிளக்கு வேண்டும். மோதுண்டது மாடேயாயினும் நின்றாக வேண்டும். இருளில் வீதி நடுவே கிடக்கும் அவ்வுடல், அடுத்து வரும் மோட்டார் சைக்கிள்காரனின் உயிரைக் குடிக்கும். அதனை அப்புறப்படுத்துவதும் உரியவருக்கு அறிவிப்பதும் விட்டுவிடக்கூடிய வேலைகளல்ல. மாட்டை இரவில் வீதியிலே திரிய விடுவோரும் தம் பொறுப்பை உணர வேண்டும்.

மூன்றாவது கடமை, காயமுற்றவரைப் பேணுதல். உடனே 1990 என்னும் இலக்கத்தை அழையுங்கள். சுவசெரிய என்னும் அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் அது. 2016ஆம் ஆண்டில் இந்திய அரசின் நன்கொடையோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய அச்சேவை, பின்னர் நம் கிழக்கு மாகாணம் உட்பட நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. பொலிசாரின் அவசர இலக்கம் 119. அழைப்பவர் பதற்றத்தில் “மெயின் ரோட்டிலே அக்சிடன்ட்” என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகின்றார். மெயின் ரோடு மிக நீண்டது! ஊரின் பெயர், சந்தியின் பெயர், அருகிலுள்ள பள்ளிவாசல், கோயில் அல்லது பாடசாலை, கண்ணிற் பட்டால் கிலோமீற்றர் கல்லின் இலக்கம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். காயமுற்றோர் எத்தனை பேர், அவர்களுக்கு நினைவு இருக்கின்றதா, மூச்சு வருகின்றதா என்பவற்றையும் சொல்லுங்கள்.

அம்புலன்ஸ் வரும் வரையிற் செய்யத்தக்கவை சில, செய்யத்தகாதவை பல. இரத்தம் பெருகுமாயின் சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து விடாது அழுத்துங்கள். உடலில் ஏதேனும் குத்தி நிற்குமாயின் அதனைப் பிடுங்காதீர்கள். மயக்கமுற்றவர் வாயில் நீர் ஊற்றுவது நம்மவரின் பழைய வழக்கம். அன்பினாற் செய்யப்படுவதாயினும் அது ஆபத்தானது. அந்நீர் மூச்சுக் குழாயிற் புகுந்து உயிரையே போக்கிவிடலாம். கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரைத் தூக்கி உட்கார வைப்பதும், உலுக்கி எழுப்புவதும், முச்சக்கர வண்டிக்குள் மடித்துத் திணிப்பதும் வாழ்நாள் முழுவதும் எழுந்து நடக்க முடியாதவராக அவரை ஆக்கிவிடக்கூடும். நெருப்போ வெள்ளமோ வேறு உடனடி ஆபத்தோ இருந்தாலன்றி, அவரை அசைக்காது, தலையையும் கழுத்தையும் இரு கைகளால் நிலையாகப் பிடித்திருப்பதே நலம். மூச்சு வந்துகொண்டிருந்தும் நினைவின்றி வாந்தியெடுப்பவரை மட்டும், தலையும் உடலும் ஒருங்கே திரும்புமாறு பக்கவாட்டிற் சரித்து வையுங்கள். பெயரைக் கேட்டுப் பேச்சுக் கொடுங்கள். பயத்தில் உறைந்திருப்பவருக்கு ஒரு மனிதக் குரல் பெரிய மருந்தாகும்.

கைத்தொலைபேசி எல்லார் கையிலும் இருக்கும் காலம் இது. இரத்த வெள்ளத்திற் கிடப்பவரைப் படம் பிடித்து ஊரெங்கும் அனுப்பும் பழக்கத்தை எப்பெயரால் அழைப்பதென்று நான் அறியேன். மகனின் மரணத்தைத் தாய் ஒரு படத்தின் மூலம் அறிய நேர்வது எத்துணைக் கொடுமை! அக்கருவியை 1990ஐ அழைப்பதற்குப் பயன்படுத்துங்கள். படம் வேண்டுமாயின், வாகனங்கள் நிற்கும் நிலையையும், வீதியில் உள்ள சக்கரத் தடங்களையும், இலக்கத் தகடுகளையும் எடுத்து வையுங்கள். அவை விசாரணைக்கு உதவும்.

நான்காவதாக, வழிப்போக்கர்களின் கடமை. “நமக்கேன் வம்பு? பொலிஸ், கோடு, கச்சேரி என்று அலைய வேண்டிவருமே” என்று விலகிப் போவோர் உளர். இவ்வச்சம் நமக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவிலும் இதே அச்சம் பல உயிர்களைக் குடித்தமையால், உதவி செய்வோரைத் துன்புறுத்தலாகாதென அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2016ஆம் ஆண்டில் வழிகாட்டு விதிகளை உறுதிப்படுத்தியது. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அப்பாதுகாப்பைச் சட்டத்திலேயே சேர்த்தது. தமிழ்நாட்டு அரசு 2021ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தைத் தொடங்கி, விபத்துற்றவர் எந்த நாட்டவராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்க ஏற்பாடு செய்தது. நம் நாட்டிலோ அரச வைத்தியசாலைகளின் கதவு எவருக்கும் இலவசமாகவே திறந்திருக்கின்றது. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் ஆதார வைத்தியசாலைகள் உள்ளன. அம்பாறையிற் பொது வைத்தியசாலை உண்டு. காயமுற்றவரைத் தூக்கிச் சென்ற காரணத்தால் மட்டும் ஒருவர் குற்றவாளியாகிவிடுவதில்லை. சாட்சி சொல்ல ஒருநாள் அழைக்கப்படலாம் என்பது உண்மையே. ஓர் உயிருக்காக ஒரு நாளைக் கொடுத்தல் பெரிய விலையன்று.

நம் மக்கள் இரக்கமற்றவர்களா? அல்லவே அல்லர். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இக்கரையோரத்தை அழித்து, அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பதினாயிரத்துக்கு மேற்பட்டோரை விழுங்கியபோது, இன மத பேதமின்றி ஒருவரையொருவர் தூக்கிச் சுமந்த மக்கள் இவர்கள். 2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆந் திகதி, மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்று, மாணவர் உட்படப் பலர் மாண்டபோதும் ஊரே திரண்டு தேடியது. பேரிடரில் தம் கடமையை அறிந்தவர்கள், வீதியோரத்தில் ஒருவர் தனியே விழுந்து கிடக்கும்போது மட்டும் தயங்குவானேன்? அவருக்கு நிகழ்ந்ததும் பேரிடரே.

ஐந்தாவது கடமை, உண்மையைக் காத்தல். உயிரைக் காப்பதற்கு அவசியமானாலன்றிப் பொலிசார் வருமுன் வாகனங்களை நகர்த்தாதீர்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் அங்கிருந்தே அறிவியுங்கள். எதிர்த் தரப்பாரின் பெயர், முகவரி, வாகன இலக்கம், சாரதி அனுமதிப்பத்திர இலக்கம், காப்புறுதி விபரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கண்டவர் இருவரின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். பொலிசில் வாக்குமூலம் கொடுக்கும்போது கண்டதைச் சொல்லுங்கள், ஊகித்ததைச் சொல்லாதீர்கள். எழுதப்பட்டதை வாசித்துக் காட்டச் சொல்லி, விளங்கிய பின்னரே கையொப்பமிடுங்கள்.

இங்கே ஓர் உண்மையை ஆசிரியன் என்ற முறையில் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். அனுமதிப்பத்திரம் இல்லாத மகன் மோட்டார் சைக்கிளை ஓட்டி ஒருவரை மோதிவிடுகின்றான். அனுமதிப்பத்திரம் உள்ள தந்தையோ சிறிய தந்தையோ, “நானே ஓட்டினேன்” என்று முன்வருகின்றார். பாசத்தினாற் செய்வதாக அவர் எண்ணுகின்றார். ஆனால் பொய் வாக்குமூலம் தனியே ஒரு குற்றம். அது வெளிப்படும்போது காப்புறுதி நிறுவனம் தன் பொறுப்பை மறுக்க வழி பிறக்கும். காயமுற்ற ஏழை வெறுங்கையோடு நிற்பான். எல்லாவற்றுக்கும் மேலாக, தான் செய்ததற்கு வேறொருவர் பதில் சொல்வார் என்னும் பாடத்தை அம்மகன் அன்று கற்றுக்கொள்கின்றான். பாடசாலையில் பத்தாண்டுகள் நாம் புகட்டிய ஒழுக்கம் அந்த ஒரு மாலையில் அழிந்துவிடுகின்றது.

இறுதியாக, சமாதானம் பேசுதல் பற்றி ஒரு வார்த்தை. விபத்து நடந்ததும் இரு தரப்புப் பெரியோர்களும் கூடி, ஒரு தொகையைப் பேசி, பொலிசுக்குப் போகாமலே முடித்துவிடுவது நம்மிடையே உள்ள வழக்கம். ஊர்ப் பகை வளராமற் காக்கும் நல்ல நோக்கம் அதில் உண்டு. அதனை நான் இகழேன். இஸ்லாமியச் சட்ட நூல்களும், வேண்டுமென்றன்றித் தவறுதலாக நேர்ந்த மரணத்துக்குக்கூட, இறந்தவரின் குடும்பத்துக்குத் ‘தியத்’ என்னும் ஈட்டையும், செய்தவருக்குக் ‘கஃப்பாரா’ என்னும் பரிகாரத்தையும் விதித்துள்ளன. ஆனால் இச்சமாதானம் பொலிஸ் முறைப்பாட்டுக்கு மாற்றாகிவிடக் கூடாது. தலையில் அடிபட்டவர் அன்று எழுந்து நடந்திருப்பார். அதன் கேடு சில நாட்களுக்குப் பின்னரே வெளிப்படலாம். அப்பொழுது, கையிற் பெற்ற சிறு தொகை கரைந்திருக்கும். முறைப்பாடோ வைத்தியப் பதிவோ இராது. வீதியில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வாகனத்துக்கும் மூன்றாந் தரப்புக் காப்புறுதி கட்டாயமாக்கப்பட்டிருப்பது இத்தகையோரின் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் ஈடு கிடைப்பதற்காகவே. பதிவு இல்லையெனின் அந்த ஈட்டைக் கோருவது எங்ஙனம்? நட்டஈட்டு வழக்கை ஈராண்டுக்குள் தொடுக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டத்தின் பொது விதி என்பதையும் நினைவில் வையுங்கள். கவனயீனத்தால் மரணம் விளைவித்தல் தண்டனைச் சட்டக் கோவையின் கீழ்க் குற்றமாதலால், இரு குடும்பங்கள் தம்முட் பேசி முடித்ததனால் அவ்வழக்கு அற்றுப்போவதுமில்லை.

மரணம் நேர்ந்த வீட்டில், ஜனாஸாவை விரைவில் அடக்க வேண்டுமென்ற தவிப்பு இயல்பே. ஆயினும் திடீர் மரண விசாரணையைத் தவிர்க்க முயலாதீர்கள். உரிய அதிகாரியிடம் பணிவோடு விரைவை வேண்டுங்கள். அவ்விசாரணையில் எழுதப்படும் சில தாள்களே, நாளை அவ்வீட்டு விதவையும் பிள்ளைகளும் நட்டஈடு கேட்டு நிற்கும்போது அவர்களுக்குத் துணை. அன்றைய அவசரத்தில் ஊரார் செய்யும் உபகாரம், அக்குடும்பத்தின் இருபதாண்டு வாழ்வைப் பாழாக்கிவிடலாகாது. ஆகவே பெரியோர்களே, சமாதானம் பேசுங்கள். முறைப்பாட்டைப் பதிந்த பின் பேசுங்கள். காயமுற்றவரை வைத்தியசாலையிற் போய்ப் பாருங்கள். சாரதியையும் அவன் குடும்பத்தையும் ஒதுக்கி வையாதீர்கள். அவனும் உறக்கமின்றித் தவிக்கும் ஒரு மனிதனே.

அன்பர்களே, இன்றிரவே உங்கள் வீட்டிற் பிள்ளைகளை அழைத்து, 1990, 119 என்னும் இரண்டு இலக்கங்களையும் மனனம் செய்வியுங்கள். உங்கள் வீடு எந்தச் சந்திக்கு அருகில் உள்ளது என்று அந்நியர் ஒருவருக்கு விளக்கும் முறையையும் சொல்லிக் கொடுங்கள். வாகனம் ஓட்டும் வயதுவந்த மகனிடம், “விபத்து நேர்ந்தால் நில், உயிரைக் காப்பாற்று, உண்மையைச் சொல், மற்றவற்றை நாங்கள் பார்த்துக்கொள்வோம்” என்று கூறி வையுங்கள். வீட்டில் ஏச்சு விழும் என்று அஞ்சாத பிள்ளை வீதியில் ஓடி ஒளியமாட்டான்.